இன்னும் மருந்து ஆகாத பொடி

அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரே ஒரு வார்த்தைக்குத் தடை இருந்தது. கெட்ட வார்த்தைக்கு இல்லை. அது தாராளமாகப் புழங்கியது, குறிப்பாகக் குடுவைகளை ஆட்டும் இயந்திரம் பாதியில் நின்றுபோகும்போது. தடை 'மருந்து' என்கிற வார்த்தைக்கு. மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஏதாவது ஒரு நோய்க்கிருமியைக் கொன்றால், அதிலிருந்து எடுத்ததைச் சாறு என்று சொல்லலாம், பொடி என்று சொல்லலாம், சரக்கு என்றுகூடச் சொல்லலாம். மருந்து என்று மட்டும் சொல்லக் கூடாது. "பினாயில்கூடத்தான் கிருமியைக் கொல்லுது, எடுத்துக் குடிப்பீங்களா?" என்று கேட்பார் தலைவர். மனிதர் எதற்கெடுத்தாலும் "பொறுங்க" என்பார். கூரை தீப்பற்றினாலும் அதைத்தான் முதலில் சொல்வார் என்பதால் பொறுங்க சார் என்றே அவருக்குப் பெயர் விழுந்துவிட்டது.

அவரிடம் வெகுகாலமாகக் குப்பை கொட்டியவள் மண்ணக்கா. அதுவும் அங்கே வேலை பார்க்கிற பிள்ளைகள் வைத்த பெயர்தான். மண்ணைக் கண்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. கல்யாண வீட்டுக்குப் போனால் கொல்லைப்புறத்தில் ஒரு கரண்டி மண் எடுத்து உறையில் போட்டுக்கொண்டுதான் பந்தியில் உட்காருவாள். சாவு வீட்டிலும் அப்படியே. அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, வேலியோரம் போய்க் குனிந்துவிடுவாள். அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். "ஊர்ல பொண்டாட்டிங்க நகை கேட்பாங்க, புடவை கேட்பாங்க. இவ என் தலையில மண்ணைத்தான் அள்ளிப் போடுறா" என்று கண்டக்டரிடம் சொல்லிச் சிரிப்பார். ஆனால் பஸ் நிற்கிற இடத்தில் நல்ல கறுப்பு மண் தென்பட்டால் அவரே ஒரு பிடி காகிதத்தில் மடித்துக்கொண்டு வருவார்.

வேலை என்னவோ கேட்பதற்குச் சுலபம்தான். மண்ணைத் தண்ணீரில் கரைத்து, அதை மேலும் மேலும் நீர்க்கச் செய்து, ஒரு சொட்டை எடுத்துத் தட்டில் தடவி, காத்திருக்க வேண்டும். மறுநாளே வழவழவென்று சில கிருமிகள் முளைத்துவிடும். அவற்றை அவள் முந்திரிக்கொட்டைகள் என்பாள். ஏறெடுத்தும் பார்க்க மாட்டாள். அவளுக்கு வேண்டியவை சாவகாசமாக முளைப்பவை. சுண்ணாம்புப் பொட்டு வைத்ததுபோல் வெள்ளையாக, மூடியைத் திறந்தால் மழை பெய்த மண் வாசனையோடு இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தனித்தனித் தட்டில் வளர்த்து, பக்கத்தில் நோய்க்கிருமியை விதைப்பாள். கிருமி நெருங்கி வந்து ஒட்டிக்கொண்டு வளர்ந்தால் அந்தத் தட்டு குப்பைக்கு. கிருமி கிட்டே வர முடியாமல் சுற்றிலும் ஒரு வெற்று வட்டம் விழுந்தால், உள்ளே யாரோ ஆயுதம் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படி வட்டம் விழுந்தாலும் மாடியில் இருக்கும் வேதியியல்காரர்கள் பெரும்பாலும் உதட்டைப் பிதுக்கித் திருப்பி அனுப்புவார்கள்: "பழைய கள்ளு, புது மொந்தை." ஏற்கெனவே உலகம் கண்டுபிடித்து, கிருமிகள் பழகிப்போய் அலட்சியம் செய்கிற சமாசாரமாக இருக்கும். இதைக் கேட்டுக் கேட்டு அவள் காது புளித்துவிட்டது.

கத்தரி அப்படி இல்லை. சலவைக்கடைக்குப் பின்னால் சோப்புத் தண்ணீர் தேங்கும் சாக்கடையோரச் சேற்றில் கிடைத்தது அது. முதலில் வெள்ளையாக முளைத்து, நாள் போகப் போகக் கத்தரிக்காய்த் தோல் நிறத்துக்கு மாறியதால் அந்தப் பெயர். எந்த மருந்துக்கும் மசியாத ஆஸ்பத்திரிக் கிருமிகளைப் பக்கத்தில் விதைத்தபோது அது போட்ட வட்டத்தைப் பார்த்து, தட்டில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து மண்ணக்கா மறுபடி விதைத்தாள். மறுபடியும் வட்டம். வேதியியல்காரர்கள் குடுவை குடுவையாக வளர்த்து, வடித்து, பிரித்து, கடைசியில் ஒரு சிட்டிகை ஊதாப் பொடியை எடுத்தார்கள். இது இதுவரை யாரும் பார்த்த பொருளோடு ஒத்துப்போகவில்லை என்றார்கள். பொறுங்க சார் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அன்று சாயங்காலம் மண்ணக்கா நேராகத் தன் தம்பி வீட்டுக்குப் போனாள். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். பகலெல்லாம் கட்டிவைத்த நாக்கு, செருப்பைக் கழற்றும் முன்பே அவிழ்ந்துவிட்டது.

"நாங்க ஒரு புது மருந்து கண்டுபிடிச்சுட்டோம்டா."

தம்பி லிப்ட் மெக்கானிக். அவள் இடுப்பில் வளர்ந்தவன். "உன் பேரையே வைப்பாங்களாக்கா? மண்ணுன்னு கேட்டா கடையில கொடுப்பானா?" என்றான். அவன் மனைவி தையல் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்ததோடு விடவில்லை, அந்த வார்த்தையை மனசில் பத்திரமாக முடிந்தும் வைத்துக்கொண்டாள். அது பிறகுதான் தெரிந்தது.

மழைக்காலத்தில் ஒரு கட்டடத்தில் லிப்ட் பழுது பார்க்கும்போது கூண்டுக்கு எதிர்எடையாகத் தொங்கும் இரும்புக் கட்டை இறங்கித் தம்பியின் கெண்டைக்காலை நசுக்கிவிட்டது. எலும்புக்குத் தகடு வைத்துத் திருகாணி முடுக்கினார்கள். தையல் போட்ட இடம் ஆறுவதுபோல் போக்குக் காட்டி, பிறகு சீழ் வைத்தது. ஒரு மருந்து ஏற்றினார்கள், கேட்கவில்லை. வேறொன்று மாற்றினார்கள், அதற்கும் கேட்கவில்லை. கடைசியாக ஏற்றிய மருந்து சிறுநீரகத்தைப் பிடித்துக்கொண்டதால் பாதியில் நிறுத்திவிட்டார்கள். வீக்கம் முழங்காலை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. எலும்பு டாக்டர் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை.

"கிருமி எலும்புக்குள்ள போயிடுச்சும்மா. முழங்காலுக்கு மேல எடுத்துட்டா ஆளு பிழைப்பார். ரத்தத்துல கலந்துட்டா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள முடிவு சொல்லுங்க."

வராந்தாவில் தம்பி மனைவி அவளைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டாள் என்றால் நிஜமாகவே முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, உங்க ஆபீஸ்ல புது மருந்து இருக்குன்னு சொன்னீங்களே."

"அது மருந்து இல்லம்மா."

"நீங்கதான் சொன்னீங்க."

"வாய் தவறிச் சொல்லிட்டேன்."

"வாய் தவறினாலும் மருந்துன்னுதானே வந்தது அண்ணி. விஷம்னு வரலையே."

கண்ட இடத்தில் கண்டபடி பேசுகிறவளுக்கு அன்று வாயில் கொழுக்கட்டை. தட்டில் கொல்வது வேறு, உடம்புக்குள் கொல்வது வேறு என்று சொல்லிப் பார்த்தாள். அந்தப் பெண் பிடியைத் தளர்த்தவே இல்லை. "கால் போனா அவர் எந்த லிப்ட்ல ஏறி வேலை பார்ப்பார்? நீங்களே சொல்லுங்க" என்றாள்.

உண்மையில், தம்பியின் புண்ணிலிருந்து எடுத்த கிருமி அதற்கு முன்பே ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்தது. பிடிவாதக் கிருமிகளை ஆஸ்பத்திரி அனுப்பிவைப்பது வழக்கம்தான். பொறுங்க சார் அனுமதி கொடுத்தார், மண்ணக்காவே விதைத்தாள், ஒரு காகிதப் பொட்டில் கத்தரிப் பொடியைத் தோய்த்து நடுவில் வைத்தாள். மறுநாள் காலையில், அன்றுதான் முடிவு சொல்ல வேண்டிய நாள், தட்டுகளை வைத்து வளர்க்கும் கதகதப்பு அலமாரியைத் திறந்தாள். வட்டம் விழக் கூடாது என்று அவள் வேண்டிக்கொண்டது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. விழாவிட்டால் பேச்சே இல்லை, கையை விரித்துவிடலாம்.

வட்டம் விழுந்திருந்தது. அதுவும் கண்ணைப் பறிக்கிற மாதிரி, பெரிதாக.

தட்டைத் தூக்கிக்கொண்டு போய்ப் பொறுங்க சார் மேஜையில் வைத்தாள். அவர் அளவுகோலை எடுத்து வட்டத்தை அளந்தார்.

"சிறுநீரகச் செல் மேல போட்டுப் பார்க்கணும்மா. நம்ம செல்லையும் சேர்த்துக் கொன்னா?"

"அதான் போன வாரமே போட்டாங்களே சார்."

"வளர்த்த செல்லுல பூஞ்சை விழுந்துடுச்சு. எல்லாத்தையும் கொட்டிட்டுப் புதுசா வளர்க்குறாங்க. அடுத்த வாரம் ஆகும்."

"இன்னிக்குச் சாயங்காலம் காலை எடுக்கணுங்கிறாங்க சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அனுமதி கொடுக்குற ஆஸ்பத்திரிக் குழுவைக் கேட்டுட்டேன். முதல்ல அதைத்தான் கேட்டேன். ஒரு எலிக்குக்கூடக் கொடுக்காததை மனுஷனுக்கு எப்படின்னு கேக்குறாங்க. நியாயம்தானே. பொறுங்கன்னு உங்ககிட்டச் சொல்ல எனக்கே வாய் கூசுது. வேற என்ன சொல்றதுன்னு தெரியல."

நல்ல மனிதர். அதனால்தான் அவள் கோபத்தைக் கொட்ட இடமில்லாமல் போயிற்று. பொறுமை, பொறுமை என்று ஊரே பாடம் நடத்துகிறது. பொறுத்தவன் பூமி ஆள்வானாம். கால் போனவன் எந்தப் பூமியை ஆள்வது?

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனபோது அவள் உறைபெட்டியின் சாவியை எடுத்தாள். சாவி அவளிடம்தான் இருந்தது. அவளை நம்பித்தான் கொடுத்திருந்தார்கள். கத்தரிப் பொடி ஒரு சின்னச் சீசாவில், ஒரு மூலையில் இருந்தது. உலகத்திலேயே அந்தப் பொருள் அவ்வளவுதான். அதைப் பனிக்கட்டியோடு சாப்பாட்டு பிளாஸ்கில் போட்டு, கைப்பையில் வைத்தாள். ஒரு ஊசியும் உப்புநீர்ப் புட்டியும் எடுத்துக்கொண்டாள். திருட்டுக் கை நில்லாது என்பார்கள். அவள் கை ஆடாமல் நின்றது. கால்தான் படியில் இடறியது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் பையை அணைத்துக்கொண்டு கணக்குப் போட்டாள். புண்ணின் மேல் ஊற்றினால் பிரயோஜனம் இல்லை, கிருமி எலும்புக்குள் இருக்கிறது. ரத்தத்தில்தான் ஏற்ற வேண்டும். தொங்குகிற சலைன் புட்டியில் ஊசியால் குத்திவிட்டால் போதும், யாருக்கும் தெரியாது. எவ்வளவு ஏற்றுவது? அது யாருக்குத் தெரியும்! தட்டில் போட்ட அளவை வைத்து ஆளின் எடைக்குப் பெருக்கினாள். பெருக்கிய கணக்கு சரியா என்று கேட்க ஒரு ஆள் கிடையாது. ஒருவேளை அவன் சிறுநீரகம் முழுசாக நின்றுபோனால்? இதயம் நின்றுபோனால்? ஆனால் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்ததும் இறங்கினாள்.

ஆஸ்பத்திரிக் கழிவறையில் கதவைத் தாழிட்டு, பொடியில் ஒரு பங்கை உப்புநீரில் கரைத்தாள். சட்டென்று ஊதாவாகக் கரைந்தது. ஊசியில் ஏற்றி, மூடி போட்டு, பைக்குள் கைக்குட்டைக்கு அடியில் வைத்தாள்.

வார்டில் தம்பி ஜுரத்தில் கண் சிவந்து படுத்திருந்தான். நினைவு தெளிவாகத்தான் இருந்தது. டாக்டரின் உதவியாளர் வைத்துவிட்டுப் போன சம்மதக் காகிதம் தலையணைப் பக்கத்தில் கிடந்தது. தம்பி மனைவி அவள் முகத்தைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் எழுந்துபோய்க் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டாள். பிறகு யாராவது வருகிறார்களா என்று பார்ப்பதற்காக வாசல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

சலைன் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. மண்ணக்கா பைக்குள் கையை விட்டாள். விரல் ஊசியைத் தொட்டது.

அப்போதுதான் அவசரப் பிரிவில் இடமில்லையென்று பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு பெண்ணைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் ஒரே காலடிச் சத்தம், தட்டுச் சத்தம். கூட வந்த தாய் உடைந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மருந்து குடிச்சுட்டாம்மா. என் பொண்ணு மருந்து குடிச்சுட்டா."

"என்ன மருந்து? பூச்சி மருந்தா, எலி மருந்தா?" இது நர்ஸ்.

"தெரியலம்மா. மருந்துன்னுதான் தெரியும்."

நம் பாஷை இருக்கிறதே, அதற்கு ஈவு இரக்கம் கிடையாது. பிழைக்க வைப்பதும் மருந்து, சாகடிப்பதும் மருந்து. உள்ளே போன பிறகு ஆள் எழுந்தானா விழுந்தானா என்று பார்த்துத்தான் எந்த மருந்து என்று சொல்ல முடியும். தன் வாயிலிருந்து அன்று தம்பி வீட்டு வாசலில் செருப்போடு வந்து விழுந்த வார்த்தை எந்த மருந்தை நினைத்து வந்தது? அந்தத் தாயைக் கேட்டதுபோல் நாளைக்கு எலும்பு டாக்டர் அவளிடமே கேட்பார், என்ன கொடுத்தீங்க என்று. அவளும் அதே பதிலைத்தான் சொல்ல வேண்டும். பைக்குள் இருந்த கையை வெளியே எடுக்கவும் முடியவில்லை, ஊசியை விடவும் முடியவில்லை.

தம்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தை, பிறகு பைக்குள் மணிக்கட்டு வரை போயிருந்த கையை. திரைக்கு அப்பால் அந்தத் தாய் இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அக்கா" என்றான். நாக்கு வறண்டிருந்தது. "பையில பேனா இருந்தா எடேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. "என்னடா?"

"பேனா. கையெழுத்துப் போடணும்."

அவள் ஊசியை விட்டுவிட்டுத் துழாவிப் பேனாவை எடுத்துக் கொடுத்தாள். அவன் படுத்தபடியே, காகிதத்தை வயிற்றின் மேல் வைத்துக் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவைத் திருப்பிக் கொடுத்து, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான். இவளால் ஒன்றுக்கும் பிரயோஜனமில்லை என்று கோபித்துக்கொண்டான் என்றே அவள் நினைத்தாள். திரையை விலக்கிக்கொண்டு வந்த அவன் மனைவி கையெழுத்தைப் பார்த்தாள். சலைன் புட்டியைப் பார்த்தாள். அது தண்ணீர் மாதிரி தெளிவாகவே இருந்தது. அதற்குப் பிறகு அவள் மண்ணக்காவின் பக்கம் திரும்பவே இல்லை.

காலை எடுத்தார்கள். உயிர் தங்கியது. பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர், "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நினைச்சுக்கோம்மா" என்று ஆறுதல் சொன்னார். "தலைப்பாகையா? நல்லா பாருங்க மாமா, போனது கால்" என்றாள் தம்பி மனைவி. அவர் கொண்டுவந்த பழத்தை வைத்துவிட்டு நழுவினார்.

மண்ணக்கா ஆபரேஷனுக்கு மறுநாள் காலையில் சீசாவைப் பொறுங்க சாரிடமே கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒளித்து வைக்கிற தெம்பு அவளிடம் இல்லை. "எடுத்துட்டுப் போனேன் சார். கொஞ்சம் கரைச்சுட்டேன். கொடுக்கல." அவர் சீசாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், மீந்திருந்த பொடியை நிறுத்தார், சோதனைக்குப் போதும் என்றார். பிறகு கையை நீட்டினார். அவள் உறைபெட்டிச் சாவியை வளையத்திலிருந்து கழற்றி அதில் வைத்தாள். அன்று அவர் பொறுங்க என்றுகூடச் சொல்லவில்லை. அவள் மறுபடியும் மண் கரைக்கப் போய்விட்டாள்.

செல் சோதனை முடிவு வந்தபோது தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தான். மாடியிலிருந்து வந்த பிள்ளை மூச்சிரைக்கச் சொன்னான். கத்தரி சிறுநீரகச் செல்களை ஒன்றும் செய்யவில்லை. அளவைக் கூட்டிப் போட்டும் எல்லாம் உயிரோடு இருந்தன. ஆய்வுக்கூடமே கைதட்டியது. மண்ணக்காவும் கைதட்டினாள். தட்டிக்கொண்டே கழிவறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இதைத் தம்பி வீட்டில் சொல்லாமலே இருந்திருக்கலாம். யார் கேட்டார்கள்? அவள் வீட்டுக்காரர்கூட, "போய்ச் சொல்லி வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சணுமா?" என்றார். ஆனால் ஒரு தடவை அந்த வீட்டில் போய்ப் பாதி தெரிந்ததைச் சொன்னவள், மீதியைச் சொல்லாமல் இருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. அன்று சாயங்காலமே போனாள்.

தம்பி நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரரின் டேபிள் ஃபேனைப் பிரித்து மடியில் பரப்பி வைத்திருந்தான். அவன் மனைவி தைத்துக்கொண்டிருந்தாள். வாங்க என்று சொல்லவில்லை. மண்ணக்கா நின்றபடியே சொன்னாள்.

"அந்தப் பொடி செல்லைக் கொல்லலையாம். இன்னிக்குத்தான் தெரிஞ்சது."

மிஷின் நின்றது. "அப்போ அன்னிக்கே கொடுத்திருந்தா?"

"தெரியாதும்மா. எலிக்குக் கொடுக்கணும், அப்புறம்..."

"கால் இருந்திருக்குமா, இருந்திருக்காதா?"

"இருந்திருக்கலாம். ஆளே இல்லாமப் போயிருக்கவும் செய்யலாம். சத்தியமா எனக்குத் தெரியாது."

தம்பி மனைவி துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்து சமையலறைக்குள் போனாள். பாத்திரங்கள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் கேட்டது. மண்ணக்கா போய்விடலாமா என்று நினைத்தாள்.

"உக்காருக்கா" என்றான் தம்பி. திருகாணி ஒன்றை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தான். குரலைத் தாழ்த்திக் கேட்டான். "அன்னிக்கு உன் கையில ஊசி இருந்துச்சு, இல்ல?"

அவள் தலையாட்டினாள்.

"நான் கேட்டிருந்தா போட்டிருப்பியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தத் தாயின் குரலைக் கேட்டதுமே மனசு மாறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம், அதில் பாதி உண்மையும் உண்டு. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவளால் பொய் சொல்ல முடியவில்லை.

"போட்டிருப்பேன்டா."

"தெரியும்" என்றான் தம்பி. "போட்டு நான் செத்திருந்தா நீ தாங்க மாட்டேன்னும் தெரியும். அதான் பேனா கேட்டேன்."